நேராகக் கோலியின் கைக்கு

மூன்று வருடம் நான் ஒரு கால்பந்துக் கிளப்பின் மேனேஜராக இருந்தேன். அந்தக் கிளப் இருக்கும் ஊரை நான் பார்த்ததில்லை. ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை. வருடத்தில் பாதி நாள் பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டில், இரண்டாம் டிவிஷனில், எப்போதும் கடைசிக்கு முந்தைய இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் கிளப்.

எல்லாம் லேப்டாப்பில்தான். அதை ஆடுவது என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த விளையாட்டில் பந்தை நாம் உதைக்க முடியாது. ஆட்களை வாங்கலாம், விற்கலாம், யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லலாம், பயிற்சிக்கு அட்டவணை போடலாம். மேட்ச் தொடங்கிவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பிழைப்புக்கு நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் வேலை செய்கிறேன். பம்புக்கும் வால்வுக்கும் இரும்பில் உடல் வார்க்கிற கம்பெனி. வார்த்து ஆறியதும் என் மேஜைக்கு வரும். வெடிப்பு, ஓட்டை, அளவுப் பிசகு இருக்கிறதா என்று பார்த்து நல்லதுக்குப் பச்சை சாக்பீஸும் கெட்டதுக்குச் சிவப்பு சாக்பீஸும் போடுவது என் வேலை. காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். இரண்டரைக்கு வீட்டில் இருப்பேன். என் மனைவி எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில், செல்போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனிக்குப் போகிறாள். அவளைக் கம்பெனி பஸ் ஐந்தரைக்குத்தான் கொண்டுவந்து விடும். நடுவில் இருக்கும் மூன்று மணி நேரம் அந்தப் பனி ஊர்க் கிளப்புக்கு.

என் குறை ஒன்றே ஒன்றுதான். கோலைக் காக்கும் கோலியும், கோல் போடும் ஸ்ட்ரைக்கரும்.

விளையாட்டில் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒவ்வொரு திறமைக்கும் இருபதுக்கு இத்தனை என்று மார்க் உண்டு. நான் இரண்டு சீசன் காத்திருந்து, நல்ல இரண்டு பேரை விற்று, ஒரு ஸ்ட்ரைக்கரை வாங்கினேன். கோல் போடும் திறமையில் அவனுக்கு இருபதுக்குப் பதினேழு. அப்படிப்பட்டவன் தடுப்பாட்டக்காரர்கள் எல்லாரையும் தாண்டி கோலிக்கு எதிரே தன்னந்தனியாகப் போவான். இடது பக்கம் ஒரு லாரி நுழையும் அளவுக்குக் காலியாக இருக்கும். வலது பக்கமும் அப்படியே. அவன் பந்தை நேராகக் கோலியின் கையில் கொண்டுபோய்க் கொடுப்பான். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, மேட்சுக்கு நான்கு தடவை. எதிரணிக் கோலியோ பிடிக்கும் திறமையில் இருபதுக்கு ஆறு வாங்கியவனாக இருப்பான். அவன் அன்றைக்கு மட்டும் இரும்புச் சுவராக மாறிவிடுவான். கடைசியில் எதிரணி மொத்த மேட்சிலும் ஒரே ஒரு தடவை நம் பக்கம் வரும். யாரோ ஒருவன் மைதானத்தின் பாதியில் இருந்து சும்மா ஒரு உதை விடுவான். என் கோலி அதைச் சொந்தக்காரர் கல்யாண ஊர்வலம் மாதிரி நின்று பார்ப்பான். ஒன்றுக்கு சைபர்.

ஒருநாள் இப்படித் தோற்றபோது நான் போட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை. அன்றைக்கு மனைவியின் கம்பெனியில் கரன்ட் போய் பஸ்ஸைச் சீக்கிரம் விட்டிருக்கிறார்கள். கதவருகில் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்ல. கோலி."

"கோலிக்கு இன்னா?"

"வெளிய வரலை. உள்ளயே நின்னுக்கினு கீறான்."

அவள் லேப்டாப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். "தெரு முனை வரைக்கும் கேக்குது" என்று மட்டும் சமையலறையில் இருந்து சொன்னாள்.

அந்த வாரமே நான் அந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் கூடிப் பேசுகிற இணையப் பக்கத்தில் ஒரு புகார் எழுதினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வேலையிடத்தில் பழுது அறிக்கை எழுதுவது போலவே எழுதினேன். குறை இன்னது, எத்தனை முறை நேர்ந்தது, காரணம் என்னவாக இருக்கலாம், திருத்த என்ன செய்ய வேண்டும். நான்கு பக்கம் வந்தது. நிஜ வாழ்க்கையில் எந்த ஸ்ட்ரைக்கரும் கோலியின் கையில் நேராக அடிக்க மாட்டான், எந்தக் கோலியும் பந்து வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்க மாட்டான், ஆகவே உங்கள் விளையாட்டில் உண்மைத்தன்மை இல்லை என்று முடித்தேன். இரண்டு நாள் கழித்து எங்கிருந்தோ ஒரு ஆள் பதில் போட்டிருந்தான். கால்பந்து அப்படித்தான் என்று ஒரே வரி.

அந்த ஒரு வரி என்னைச் சாப்பிட விடவில்லை. மறுநாள் கேன்டீனில் இதை என் மச்சானிடம் சொல்லிப் புலம்பினேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அதே கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறார். உருகிய இரும்பு இருக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் அச்சுகளுக்கு மேலே நிறுத்துகிற கிரேன். அதிகம் பேச மாட்டார். எனக்கு இந்த வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், தங்கையைக் கொடுத்தவரும் அவர்தான். எங்கள் கம்பெனி கால்பந்து டீமுக்குப் பன்னிரண்டு வருடமாக அவர்தான் கோலி. நான் ஒரு மேட்சுக்கும் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை பனி ஊர்க் கிளப்புக்கு வேலை அதிகம்.

நான் சொன்னதையெல்லாம் அவர் இட்லியை மென்றுகொண்டே கேட்டார்.

"அந்த கோலி ஏன் நின்னானாம்?" என்றார்.

"அதான் மச்சான் தெரியலை. கம்ப்யூட்டர் பண்ற மோசடி."

"அவன கேட்டியா?"

"கேக்க முடியாது மச்சான். அது கேம்."

"அப்ப உனுக்கு எப்பிடித் தெரியும்?" என்றவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில், "நம்ம டீமுக்கு மேனேஜர் இல்ல. பெயின்ட் செக்ஷன்ல இருந்தவர புனேவுக்கு மாத்திட்டாங்க. நீ வந்து பாரேன். இங்க கேக்கலாம்" என்றார்.

அப்படித்தான் நான் நிஜமாகவே மேனேஜர் ஆனேன்.

தொழிற்பேட்டையில் நான்கு கம்பெனி சேர்ந்து நடத்துகிற சிறிய போட்டி அது. பக்கத்துக்கு ஏழு பேர். மூன்று ஞாயிறு, ஒவ்வொரு டீமும் மற்ற மூன்றோடும் ஆட வேண்டும். மைதானம் ஏரிக்கரைக்குப் பின்னால், உயர் மின்னழுத்தக் கம்பிகளுக்குக் கீழே இருக்கிறது. உருக்காலைப் புகை படிந்து தரை கறுத்திருக்கும். ஒரு முறை விழுந்து எழுந்தால் எந்த டீம் எது என்று சட்டையை வைத்துச் சொல்ல முடியாது. மின்கம்பியில் பந்து பட்டால் ஆட்டம் மறுபடி நடுவில் இருந்து என்று உள்ளூரில் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள்.

பயிற்சிக்குப் போன முதல் நாளே நான் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போனேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். ஓட்டம், உதை, தலையால் முட்டுவது, பொறுமை என்று எல்லாவற்றுக்கும் இருபதுக்கு மார்க். ஆட்கள் இதைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். சம்பள உயர்வுக்காகக் கம்பெனி எடுக்கும் கணக்கு என்று ஒருவர் நினைத்துக்கொண்டு அன்றைக்கு இரண்டு மடங்கு ஓடினார்.

எங்கள் ஸ்ட்ரைக்கர் ஊத்துக்கோட்டையில் இருந்து தினம் பஸ்ஸில் வரும் ஃபிட்டர். வீட்டில் பாதி தெலுங்கு, யாரைப் பார்த்தாலும் நைனா என்பார். பயிற்சியில் அவர் உதைத்ததைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூலையில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து அடிக்கச் சொன்னேன். ஐந்துக்கு நான்கு முறை அடித்தார். யோசிக்காமல் பதினேழு போட்டேன். மச்சானுக்குப் பதினான்கு போட்டேன். சொந்தக்காரர் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்று ஒன்றைக் குறைத்துப் பதின்மூன்று ஆக்கினேன்.

முதல் ஞாயிறு சர்ச் முடிந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு மைதானத்துக்குப் போனோம். எதிரணி ஒரு பெயின்ட் கம்பெனி. அவர்களுடைய கோலிக்கு ஐம்பது வயது இருக்கும், தொப்பை வேறு. கோலிகள் போடும் உறை இல்லை, கம்பெனி ஸ்டோரில் கொடுக்கிற ரப்பர் கையுறையைப் போட்டிருந்தார். நான் நோட்டில் அவருக்கு நான்கு போட்டேன்.

பத்து நிமிடத்தில் எங்கள் ஸ்ட்ரைக்கர் எல்லாரையும் தாண்டிப் போய்விட்டார். எதிரே அந்தக் கோலி மட்டும். இடது பக்கம் காலி. வலது பக்கம் காலி. நான் கோட்டுக்கு வெளியே எழுந்து நின்றேன். அவர் பந்தை மெதுவாக, பத்திரமாக, அந்த ரப்பர் கையுறைக்குள் உதைத்தார்.

இடைவேளைக்குள் இன்னும் இரண்டு தடவை இதுவே நடந்தது. மூன்றாவது தடவை அந்தக் கோலி பந்தை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினார். எங்கள் ஆளும் திருப்பித் தலையை ஆட்டினார்.

இரண்டாம் பாதியின் கடைசியில் அது நடந்தது. பெயின்ட் கம்பெனிக்காரர் ஒருவர் எங்கள் கோலில் இருந்து வெகு தூரத்தில் பந்தோடு நின்றார். அவர் கூட்டாளி ஒருவர் பந்தைத் தனக்குக் கொடு என்று கையைத் தூக்கினார். பந்துக்காரர் கொடுக்கவில்லை, அங்கிருந்தே உதைத்தார். பந்து இரண்டு தடவை தரையில் பட்டு, நடந்து வருகிற வேகத்தில் வந்தது. மச்சான் கையைத் தொங்கவிட்டபடி அசையாமல் நின்றார். பந்து அவருடைய வலது கால் பக்கமாகப் போய் வலைக்குள் நின்றது. ஒன்றுக்கு சைபர்.

விசில் ஊதியதும் நான் ஸ்ட்ரைக்கரிடம் போனேன்.

"இன்னா நைனா பண்றது" என்றார் நான் கேட்பதற்கு முன்னாலேயே. "அவரு நம்ம பஸ்ல வர்றவரு. பெரியபாளையத்துல ஏறுவாரு. சாயந்திரம் திரும்புறப்ப துண்டு போட்டு எனுக்கு தெனம் சீட்டு புடிச்சு வெக்கிறாரு. நாலு வருசமா. நிமிந்து பாத்தனா, அவரு மூஞ்சி. எப்பிடி நைனா அடிக்கிறது?"

"ஓரமா அடிச்சிருக்கலாமே. அவரு மேல படாதே."

"ஓரமா அடிச்சா அவரு பாஞ்சு வுயணும். அந்த ஒடம்ப வெச்சிக்கினு வுயுந்தா இன்னாத்துக்கு ஆவறது? அதான் கையில குடுத்தேன்."

என் நோட்டில் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

மச்சானிடமும் கேட்டேன். "விடு மாப்ள" என்றார். "பந்து வர்றது தெரிஞ்சுதா?" "தெரிஞ்சுது." "அப்பறம் ஏன் நின்ன?" "விடுன்றேன்ல." சட்டையை மாற்றிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கேட்டால் தெரியும் என்று சொன்ன மனிதர் கேட்டதற்குச் சொல்லவில்லை. எனக்கு மேனேஜர் கோபம் வந்துவிட்டது. அந்த வாரம் பேக்கிங் செக்ஷனில் ஒரு ஆளைக் கண்டுபிடித்தேன். ஆறடிக்கு மேல் உயரம். அட்டைப் பெட்டிகளைத் தூக்கிப் போட்டால் காற்றிலேயே பிடிப்பார். சொந்தமாக உறை வைத்திருந்தார். பயிற்சியில் பார்த்துப் பதினாறு போட்டேன். சனிக்கிழமை நோட்டிஸ் பலகையில் ஏழு பேர் பட்டியலை ஒட்டினேன். கோலி என்ற இடத்தில் மச்சான் பெயர் இல்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு, கிரேன் ஏணியில் ஏறிப் போனதாகச் சொன்னார்கள்.

இரண்டாம் ஞாயிறு மூன்றுக்கு சைபர் என்று ஜெயித்தோம். எதிரணியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். புதுக் கோலியிடம் பந்து ஒரு தடவைகூடப் போகவில்லை. அவர் தூணில் சாய்ந்துகொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். இருந்தாலும் என் முடிவு சரி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணன வெளிய உக்கார வெச்சியாமே."

"டீம் முடிவு."

"டீம்னா யாரு?"

"நான்தான்."

அவள் துணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். அப்பளம் மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பளம் இல்லாமல் எங்கள் வீட்டில் சாப்பிட்டதில்லை. இருக்கிறதா என்று கேட்டேன். "சமையல் முடிவு" என்றாள்.

அந்தத் திங்கள் அவள் கம்பெனிக்கு விடுமுறை. நான் ஷிப்ட் முடிந்து வந்து லேப்டாப்பைத் திறந்தால் என் கிளப் ஒன்பது மேட்ச் தள்ளிப் போயிருந்தது. அந்த விளையாட்டில் மேனேஜர் விடுமுறையில் போகிறார் என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் உதவி மேனேஜர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். அதை அவள் அழுத்திவிட்டுத் துணி துவைக்கப் போயிருக்கிறாள். ஒன்பது மேட்சில் ஏழில் வெற்றி. நான்காவது இடம். பதினேழு மார்க் ஸ்ட்ரைக்கர் பதினொரு கோல் போட்டிருந்தான். மூன்று வருடத்தில் நான் பார்க்காத அளவுக்கு வெற்றியின் பச்சை நிறத்தில் அந்தத் திரை இருந்தது.

"இன்னா பண்ண?" என்றேன்.

"துடைக்கும்போது கை பட்டுச்சு" என்றாள். பிறகு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "நீ இல்லாம நல்லாத்தான் ஆடுறானுங்க" என்றாள்.

கோபப்படலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த உதவி மேனேஜர் என்ன செய்தான் என்று தேடிப் பார்த்தேன். ஒன்றுமே செய்யவில்லை. யாரையும் மாற்றவில்லை. நான் ஒவ்வொரு தோல்விக்கும் ஓரம் உட்கார வைத்துக்கொண்டிருந்த அதே பழைய கோலியைத் தொடர்ந்து ஒன்பது மேட்சுக்கும் நிறுத்தியிருக்கிறான், அவ்வளவுதான். எனக்கு முகம் சுண்டிப் போனது.

வியாழக்கிழமை பேக்கிங் உயரக்காரர் என் மேஜைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவசரமாக லோடு அனுப்ப வேண்டியிருக்கிறது, தனக்கு டியூட்டி போட்டுவிட்டார்கள், வர முடியாது என்றார். மேனேஜரிடம் நானே போய்க் கேட்டேன். நிஜ மேனேஜரிடம். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு இருபதுக்கு இருபது போடலாம்.

அன்று சாயங்காலம் மச்சான் வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவர் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாக நான் அவரை நீ என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு வாயில் நீங்க என்று வந்தது.

"ஞாயித்துக்கிழம நீங்க வரணும் மச்சான்."

"யாரு செத்தாங்க, நீங்கன்ற?"

"தப்பு பண்ணிட்டேன். கோவத்துல பண்ணிட்டேன்."

அவர் பெடலைச் சுற்றினார். செயின் ஓடுவதைப் பார்த்தார். பிறகு எண்ணெய்க் குப்பியை மூடிக் கீழே வைத்தார்.

"அன்னிக்கி ஏன் நின்னன்னு கேட்டல்ல. கிரேன்ல எங்களுக்கு ஒரு ரூல். மேல ஏத்து, கீழ எறக்கு, இதெல்லாம் ஒரே ஆளு சைகை காட்டுனாத்தான் பண்ணணும். ஆனா நிறுத்துன்னு எவன் கை தூக்குனாலும் நிறுத்திடணும். வாட்ச்மேன் தூக்குனாலும் நிறுத்தணும். யாருன்னு பாக்கக் கூடாது. இருவது வருசமா அப்பிடி. அன்னிக்கி அந்தப் பையன் பால் குடுன்னு கை தூக்குனான்ல."

எனக்குப் புரிந்துவிட்டது.

"கை தூக்குனது கண்ணுல பட்டுச்சு. ஒடம்பு நின்னுடுச்சு. பால் வர்றது தெரியுது. ஆனா ஒடம்பு நிக்குது. இத போயி அத்தினி பேரு நடுவுல எப்பிடிச் சொல்றது? சிரிப்பானுங்க."

நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, ஆனால் கிரேனை நினைத்ததும் அது நின்றுவிட்டது. அந்த மனிதர் தூக்கிப் போகும் இரும்புக்குக் கீழேதான் நாங்கள் நூறு பேர் தினமும் நடக்கிறோம். அவர் உடம்பு அப்படி நிற்பதால்தான் நடக்கிறோம். அதற்கு நான் பதின்மூன்று போட்டிருந்தேன்.

"பன்னெண்டு வருசத்துல இதுக்கு முன்னால ஆனது இல்லயா?" என்று கேட்டேன்.

"ஆயிருக்குது. ஒருத்தனும் கேக்கல. நீதான் கேட்ட" என்றார். உள்ளே பார்த்துத் தன் மனைவியிடம் டீ போடச் சொன்னார்.

மூன்றாம் ஞாயிறு உருக்காலை டீமோடு ஆட்டம். எங்கள் பக்கம் ஷிப்ட் போக மிஞ்சியது சரியாக ஏழு பேர். மாற்று ஆள் என்று தாளில் ஒரு பெயர் எழுத வேண்டியிருந்ததால் என் பெயரை எழுதினேன். மேட்சுக்கு முன்னால் ஸ்ட்ரைக்கரைத் தனியாகக் கூப்பிட்டுப் போனேன்.

"அங்க நிக்கிறாரே கோலி, அவர உனுக்குத் தெரியுமா?"

"தெரியாது நைனா."

"பஸ்ல?"

"அவரு ரயில்ல வர்றாராம்."

"பொண்ணு குடுத்த வகையில, எடுத்த வகையில?"

"இல்ல நைனா."

"கடன் கிடன்?"

"ஐயே, மொகமே இப்பதான் பாக்கறேன்."

எட்டாவது நிமிடத்தில் அவர் மூலையில் அடித்தார். தண்ணீர் பாட்டில் இருந்திருந்தால் அது உடைந்திருக்கும். அந்தக் கோலி பாய்ந்து விழுந்தும் எட்டவில்லை. எங்கள் ஆள் அவரைத் தூக்கிவிட்டு, எங்கே ஏறுகிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் கோட்டில் இருந்து கத்தி அவரைத் திரும்ப அழைத்தேன். பழக்கம் ஏற்பட்டால் அடுத்த கோல் போச்சு.

மச்சான் அன்றைக்கு ஆடிய மாதிரி நான் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை. எதிரணி கை தூக்கும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்து பந்தை மட்டும் பார்த்தார். எனக்கு மட்டும்தான் அவர் படுகிற பாடு தெரியும். இரண்டாம் பாதியில் ஒருவர் பக்கத்தில் வந்து உதைத்ததை அவர் ஒற்றைக் கையால் தட்டினார். பந்து வெளியே போனது. அவர் எழுந்தபோது இடது கையின் சுண்டுவிரல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏழு பேர்தான். தாளில் இருந்தது என் பெயர்தான். மச்சான் பல்லால் இழுத்து உறைகளைக் கழற்றி வலது கையால் என்னிடம் நீட்டினார்.

"பத்து நிமிசம்தான். நின்னா போதும்" என்றார்.

கோலுக்கு முன்னால் நின்று பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லலாம். வெளியிலிருந்து பார்க்கும்போது அது சின்னதாக இருக்கிறது. உள்ளே போய் நின்றால் இரண்டு தூணும் கும்மிடிப்பூண்டிக்கும் பொன்னேரிக்குமாக விலகிப் போய்விடுகின்றன. உறை மச்சான் கை வியர்வையில் ஈரமாக இருந்தது. பந்து எங்கேயோ அந்தக் கோடியில் இருக்கும், ஒரு மூச்சு விடுவதற்குள் இங்கே இருக்கும். எட்டு நிமிடம் எங்கள் ஆட்கள் அதை என் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஒன்பதாவது நிமிடம், இன்னும் எவ்வளவு நேரம் என்று பக்கத்தில் நின்ற எங்கள் தடுப்பாட்டக்காரரிடம் கேட்கலாம் என்று திரும்பினேன். யாரோ என் காதில் அறைந்தது போல இருந்தது. கண் இருண்டது. தரையில் கிடந்தேன், வாயில் கரி மண். சுற்றிலும் ஒரே கூச்சல். கோல் போய்விட்டது என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் என்மேல் வந்து விழுந்தார்கள். பந்து என் தலையில் பட்டு மேலே எழும்பி மின்கம்பியையே தாண்டிப் போய்விட்டதாம்.

"இன்னா நைனா இது, கரெக்டா தலைய குடுத்த" என்று ஸ்ட்ரைக்கர் என்னைத் தூக்கி நிறுத்தினார். உருக்காலைக்காரர்கள் இடுப்பில் கை வைத்து நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதைத்தவர் வானத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். மூன்று வருடமாக மத்தியானம் மூன்று மணிக்கு லேப்டாப்பின் கறுப்புத் திரையில் நான் பார்த்துவந்த என் முகம் அது.

ஒன்றுக்கு சைபர். ஜெயித்தோம். மொத்தத்தில் இரண்டாம் இடம். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா கொடுத்தார்கள்.

மச்சானை ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒரு பக்கம் அவர் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார், இன்னொரு பக்கம் நான் காதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நீ திரும்பினது நான் பாத்தேன்" என்றார் மெதுவாக.

"யாருகிட்டயும் சொல்லாத மச்சான்."

"நீயும் சொல்லாத" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மனைவி இரண்டு பேரையும் வாசலில் வைத்துப் பார்த்தாள். கட்டுப் போட்ட விரலையும் வீங்கிய காதையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அண்ணனுக்குச் சோற்றைப் பிசைந்து வைத்தாள். எனக்கு அப்பளம் வந்தது, அதுவும் இரண்டு.

விரல் சேரும்வரை கிரேனில் ஏறக் கூடாது என்று டாக்டர் எழுதிவிட்டார். அதனால் கம்பெனியில் அவருக்கு மூன்று வாரம் லேசான வேலை கொடுத்து என் மேஜைக்கு அனுப்பினார்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, கையில் ஒரு சிவப்பு சாக்பீஸைக் கொடுத்தேன். முதல் நாள் நான் பச்சை போட்டு ஒதுக்கிய பதினாறு வால்வு உடலை அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார், விரலால் தட்டிக் கேட்டார். மூன்றைத் தனியாக எடுத்து வைத்தார்.

"இன்னா மச்சான், நல்லாத்தான கீது?"

"உள்ள ஓட்ட கீது. சத்தம் வேற மாதிரி வருது" என்றார்.

அறுத்துப் பார்த்தோம். மூன்றிலும் இருந்தது.